திருமலையை விட உயரத்தில் ரேணிகுண்டா

கோடை வெயிலில், விமானம் நிற்கும் தரையே உயர்ந்துவிடுகிறது. எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடக் கணக்கு போதும். அதைப் போடாமல் கிளம்புவதில்தான் ஆபத்து.

அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். மூச்சிரைக்க ஏறும் பக்தர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் கோயிலை அடையச் சில மணி நேரமாகிறது. அதே மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ரேணிகுண்டா விமான நிலையத்தில் நிற்கும் ஒரு சிறு விமானமோ ஒரு படிகூட ஏறாமல் அதைவிட அதிக உயரத்துக்குப் போய்விடுகிறது. மே மாதப் பிற்பகலில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே.

இது வேடிக்கைப் பேச்சல்ல. திருப்பதி விமான நிலையத்தின் உயரம் என்று வரைபடங்கள் காட்டுவது சுமார் 350 அடி. ஆனால் வெயில் 42 டிகிரியைத் தொடும் நாளில் அந்த ஓடுபாதைக்கு மேலே இருக்கும் காற்று, 4,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய காற்றைப்போல மெலிந்து கிடக்கிறது. மதனப்பள்ளி அருகே, கோடையில் குளிர் தேடி மக்கள் போகும் ஹார்ஸ்லி மலை கிட்டத்தட்ட அந்த உயரம்தான். விமானத்தைப் பொறுத்தவரை ரேணிகுண்டாவே ஹார்ஸ்லி மலை உச்சி. குளிர்ச்சி மட்டும்தான் இல்லை.

விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டென்சிட்டி ஆல்டிட்யூட்' - அடர்த்தி உயரம். பெயர்தான் மிரட்டுகிறது, கருத்து எளிமையானது. விமானத்துக்குத் தான் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. தன்னைச் சுற்றி எவ்வளவு காற்று இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. சூடானாலும் காற்று விரிந்து மெலிகிறது. மலையேறி மெலிந்த காற்றுக்கும் வெயிலில் மெலிந்த காற்றுக்கும் இறக்கை வித்தியாசம் பார்ப்பதில்லை.

மெலிந்த காற்றால் வருவது ஒரு நஷ்டமல்ல, மூன்று. இறக்கையைத் தாங்கிப் பிடிக்கக் காற்று குறைகிறது. அதே தூக்குவிசை கிடைக்க விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. புரொப்பல்லர் பின்னால் தள்ளுவதற்கும் காற்று குறைகிறது, இழுவை தளர்கிறது. சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் காரின் எஞ்சினைப் போல வெளிக்காற்றை அப்படியே உறிஞ்சி எரிப்பது. அது குடிக்கும் காற்றே மெலிந்திருப்பதால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கிறது. வேகம் அதிகமாகத் தேவைப்படும் அதே நேரத்தில்தான் வேகம் தரும் சக்தி குறைகிறது. கோடைக்காலத்தின் குரூரம் இது.

விமானம் தயாரிப்பவர்கள் தங்கள் விமானம் எத்தனை அடி ஓடினால் எழும்பும் என்று கையேட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே? அதற்காக உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு கற்பனைக் காற்று இருக்கிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பம், 1013.25 மில்லிபார் அழுத்தம், 1,000 அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறைவு. ஐரோப்பிய வசந்த காலத்துக்கு இது பொருந்தலாம். சென்னையிலிருந்து வடமேற்காகத் திருப்பதிக்குப் பறக்கும் விமானி இடப்பக்கம் பார்க்கும் விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரத்துக்கு? தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அந்த எல்லைப்புற ஊர்களில், பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவிலும் அனலைக் கக்கும். 15 டிகிரி என்பது அங்கே மார்கழி விடியலில்கூட அபூர்வம்.

எனவே கையேட்டின் கற்பனைக் காற்றிலிருந்து இன்றைய நிஜக் காற்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பதுதான் கணக்கின் சாரம். மூன்றே படிகள்.

முதல் படி, அழுத்த உயரம். விமானத்தின் ஆல்டிமீட்டரில் 1013 மில்லிபார் என்று திருகி வைத்தால் முள் காட்டுவது அதைத்தான். திருகாமலும் கண்டுபிடிக்கலாம்: விமான நிலையம் அறிவிக்கும் கடல்மட்ட அழுத்தத்தை 1013-லிருந்து கழித்து, மீதியை 30-ஆல் பெருக்கி, நிலையத்தின் உயரத்தோடு கூட்டினால் போதும். கோடையில் இந்தப் பகுதியில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். 1003 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10, பெருக்கினால் 300 அடி. ரேணிகுண்டாவின் 350 அடியோடு கூட்டினால் 650 அடி. வெப்பத்தைத் தொடுவதற்கு முன்பே விமான நிலையம் கிட்டத்தட்ட இரு மடங்கு உயர்ந்துவிட்டது.

இரண்டாவது படி, அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பநிலை. 15 டிகிரியிலிருந்து 1,000 அடிக்கு 2 டிகிரி வீதம் கழித்தால், 650 அடியில் சுமார் 13.7 டிகிரி.

மூன்றாவது படி, உண்மை வெப்பநிலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை 120-ஆல் பெருக்குவது. 42-லிருந்து 13.7 போனால் 28.3. பெருக்கினால் சுமார் 3,400 அடி. முதலில் கிடைத்த 650-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 4,050 அடி. கணக்கு முடிந்தது. காகிதத்தின் ஓர் ஓரம் போதும்.

இதே கணக்கை ஜனவரி விடியலில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வெப்பநிலை 18 டிகிரி, அழுத்தம் 1015 மில்லிபார் என்றால் விடை சுமார் 720 அடிதான். ஒரே ஓடுபாதை, ஒரே விமானம்; ஜனவரி காலைக்கும் மே பிற்பகலுக்கும் இடையில் 3,300 அடி வித்தியாசம்.

ஈரப்பதமும் தன் பங்குக்குக் கை வைக்கிறது. கசகசப்பான காற்று கனமானது என்று நினைப்பது வழக்கம். உண்மை நேர்மாறு. நீராவியின் மூலக்கூறு காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. அது புகுந்து இடம் பிடிக்கும்போது காற்று இன்னும் லேசாகிறது. சென்னை போன்ற கடலோரங்களில் இதனால் கூடுவது சில நூறு அடிகள்தான். எளிய கணக்கு இதைச் சேர்ப்பதில்லை. விவரமான விமானி மனதில் சேர்த்துக்கொள்கிறார்.

சரி, 4,000 அடி என்றால் என்ன குடி முழுகிவிடும்? உலகெங்கும் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் புழங்கும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் 172எஸ் ரகம், முழு எடையுடன், கற்பனைக் காற்றில், கடல்மட்டத்தில், 960 அடி ஓடி எழும்புகிறது. 50 அடி உயரத் தடையைத் தாண்ட மொத்தம் 1,630 அடி தேவை. நிமிடத்துக்கு 730 அடி ஏறும். அடர்த்தி உயரம் 4,000 அடியானால், அந்த 1,630 அடி சுமார் 40 சதவீதம் நீண்டு 2,300 அடியைத் தொடும். ஏறும் வேகம் 550 அடி அளவுக்கு இறங்கிவிடும்.

ரேணிகுண்டாவில் ஓடுபாதைக்குப் பஞ்சமில்லை. ஜெட் விமானங்கள் இறங்கும் நீளம் அது; செஸ்னா அதன் பாதியைக்கூடத் தொடாது. அங்கே பிரச்சினை எழும்புவதில் அல்ல, எழும்பிய பிறகு. வடக்கிலும் மேற்கிலும் சேஷாசலம் மலைகள் சுவராக நிற்கின்றன. மெலிந்த காற்றில் விமானம் மெதுவாக ஏறுகிறது. ஆனால் தரைக்கு மேலே வேகமாக முன்னேறுகிறது. அதாவது, ஏறுவதற்கு அதிக நேரம் வேண்டியிருக்கும்போது மலை சீக்கிரமாக வந்துவிடுகிறது. நேராக மலையை நோக்கிப் போகாமல், சமவெளியின் மேலேயே வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு திரும்புவதுதான் விவேகம்.

பெரிய விமான நிலையத்தை விட்டு விலகினால் கதை மாறுகிறது. சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, மாவட்டத் தலைநகர் என்று நாடெங்கும் சிறு ஓடுபாதைகள் இருக்கின்றன. முனையில் மின்கம்பி, தென்னந்தோப்பு, சாலை. கற்பனைக் காற்றில் தாராளமாகத் தோன்றும் நீளம், சித்திரை வெயிலில் பற்றாக்குறையாகிறது. கர்நாடகப் பீடபூமியின் விளிம்பில் இருக்கும் ஓசூர், பெங்களூரின் ஜக்கூர் போன்றவை ஏற்கனவே 3,000 அடி உயரத்தில் இருப்பவை. 36 டிகிரி வெயிலில் அங்கே அடர்த்தி உயரம் 6,000 அடியைத் தாண்டிவிடும். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

விமானிகளைக் கவிழ்ப்பது கணக்கைவிடக் கண்தான். வேகமானியும் இதே காற்றைக் கொண்டுதான் இயங்குகிறது. காற்று மெலிந்தால் அதன் முள்ளும் குறைத்தே காட்டும். இது பாதகமல்ல, பாதுகாப்பு. ஏனென்றால் இறக்கைக்கும் அதே குறைவுதான். எனவே எந்த ஊரிலும் முள் காட்டும் அதே வேகத்தில்தான் விமானத்தைத் தூக்க வேண்டும். ஆனால் மெலிந்த காற்றில் முள் அந்த எண்ணைத் தொடும்போது விமானம் உண்மையில் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் புல்லும் விளக்குகளும் பறப்பதைப் பார்த்து, 'இவ்வளவு வேகம் போதுமே' என்று மனம் சொல்கிறது. ஓடுபாதையின் முனையும் நெருங்குகிறது. கை தானாகவே பின்னுக்கு இழுக்கிறது.

அடுத்து நடப்பதுதான் பொறி. தரையை ஒட்டிப் பறக்கும்போது, ஒரு இறக்கையளவு உயரம் வரை, இறக்கைக்குத் தரையே ஒரு தலையணைபோல உதவுகிறது. அதனால் வேகம் போதாத விமானமும் எழும்பிவிடும். தலையணையைத் தாண்டியதும் ஏற முடியாது, இறங்கவும் இடமில்லை. மூக்கை இன்னும் தூக்கினால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழும். பல நாடுகளின் விபத்து அறிக்கைகளில் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது: சூடான பிற்பகல், நிறைந்த இருக்கைகள், நிறைந்த டாங்க், எழும்பியும் ஏறாத விமானம்.

வெயிலும் பாரமும் சேரும் பிற்பகல்களில் பெரிய விமானங்களுக்கும் தவறு செய்ய இடம் குறைந்துவிடுகிறது. 1993 ஏப்ரல் 26. இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறியிருக்கும் அவுரங்காபாதிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737. நடுப்பகல் தாண்டிய வெயில், 118 பேர். ஓடுபாதை முனைக்கு அப்பாலிருந்த சாலையில் பருத்திப் பொதிகள் ஏற்றிச் சென்ற லாரியில் அதன் சக்கரம் மோதியது. 55 பேர் இறந்தார்கள். விசாரணை குறை கண்டது விமானிகள் தாமதமாக, தவறான முறையில் மூக்கைத் தூக்கியதையும், சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தாததையும், வெயிலை அல்ல. ஆனால் சுமார் 1,900 அடி உயரத்தில் இருக்கும் அந்த விமான நிலையம், 40 டிகிரி வெயிலடிக்கும் ஒரு நாளில் 5,000 அடிக்கு மேல் போய்விடும் என்கிறது அதே மூன்று படிக் கணக்கு. ஜனவரி விடியலில் மன்னிக்கப்படும் பிழை ஏப்ரல் பகலில் மன்னிக்கப்படுவதில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கை அன்றாடம் போட்டே ஆகவேண்டிய இடம் லடாக். 1948 மே 24 அன்று விமானப்படையின் மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு, சிந்து நதிக்கரையில் அவசரமாக அமைக்கப்பட்ட ஓடுபாதையில் டகோட்டா விமானத்தை இறக்கினார். அந்த ரக விமானம் அவ்வளவு உயரத்தில் இறங்கும் என்று பலர் நம்பாத காலம் அது. இன்று லே விமான நிலையத்துக்குத் தினமும் ஜெட் விமானங்கள் போகின்றன, பெரும்பாலும் காலையில். மதியத்துக்கு மேல் எழும் பலத்த காற்று ஒரு காரணம். ஏறும் வெப்பம் இன்னொன்று.

10,682 அடியில் இருக்கும் லேயில் அந்தக் காலை நேர விதியும் 2024 ஜூலை இறுதியில் போதாமல் போனது. பாலைவனக் குளிருக்குப் பேர்போன ஊரில் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டி ஏறியது. தரை வெப்பத்தைக் காரணம் காட்டி விமான நிறுவனங்கள் அடுத்தடுத்த நாட்களில் சேவைகளை ரத்து செய்தன. மழையில்லை, பனியில்லை, மூடுபனியில்லை; பளிச்சென்ற வானம். பயணிகள் பலருக்குப் புரியாத காரணம். ஆனால் 35 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை 15,000 அடியைத் தாண்டுகிறது. அங்கே அப்போது இருந்த காற்று, கடல்மட்டக் காற்றில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதை. 2017 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியை நெருங்கியபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சிறிய ஜெட் சேவைகள் 40-க்கும் மேற்பட்டவை ரத்தாயின. அந்த விமானங்களுக்கு விதிக்கப்பட்ட வெப்ப வரம்பு 118 டிகிரி பாரன்ஹீட். அட்டவணையில் எண் இல்லாத வெப்பத்தில் பறப்பது கணக்கில்லாமல் பறப்பதற்குச் சமம்.

மறுபக்கத்தில், இந்தக் கணக்கை மதித்தால் எதுவரை போகலாம் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. 2004-ல் விமானப்படையின் சீட்டா ஹெலிகாப்டர் ஒன்று லடாக்கின் சாசேர் காங்ரியில் இறங்கியது. சாதனை என்று அறிவிக்கப்பட்டது அடர்த்தி உயரத்தின்படி 25,150 அடி. மலையின் உயரத்தை அல்ல, காற்றின் உயரத்தைத்தான் தொழில் தெரிந்தவர்கள் எண்ணுகிறார்கள். சியாச்சின் முகாம்களுக்கு அதே சீட்டாக்கள் ஒவ்வொரு கிலோவாக எடைபோட்டுத்தான் சாமான் ஏற்றிப் போகின்றன.

இமயத்தில் இந்த ஒழுக்கம் தானாக வந்துவிடுகிறது. அங்கே பயம் கண்ணெதிரே நிற்கிறது. சமவெளியில்தான் அலட்சியம். 350 அடி உயர ஓடுபாதையில் நின்றுகொண்டு 'உயரப் பிரச்சினை' பற்றி யோசிக்க எத்தனை பேருக்குத் தோன்றும்? அமெரிக்காவின் பல சிறு விமான நிலையங்களில் தானியங்கி வானிலைக் கருவியே அடர்த்தி உயரத்தை வானொலியில் சொல்லிவிடும். இங்கே விமானிக்குக் கிடைக்கும் வழக்கமான வானிலை அறிக்கையில் வெப்பநிலை, பனிநிலை, அழுத்தம் எல்லாம் இருக்கும். அடர்த்தி உயரம் இருக்காது. அரிசியும் பருப்பும் தரப்படுகின்றன; சமைத்துக்கொள்ள வேண்டியது விமானி.

சமைக்கப் பாத்திரங்களுக்குக் குறைவில்லை. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்ட்டன் 1930-களில் உருவாக்கிய வட்டச் சறுக்குக் கணிப்பான் இன்றும் மாணவ விமானிகளின் பையில் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் ஜன்னலில் விடை. செல்போனில் இரண்டு எண்களைத் தட்டினாலும் விடை. ஆனால் கருவி தரும் விடை சரிதானா என்று சந்தேகிக்க, மனக்கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த 120.

விடை வந்த பிறகு என்ன செய்வது? வழிகள் பழையவை, எளியவை. பாரத்தைக் குறைப்பது முதல் வழி. எடை 10 சதவீதம் கூடினால் எழும்பத் தேவையான தூரம் சுமார் 20 சதவீதம் கூடும் என்பது பாலபாடம். செஸ்னா 172-ல் நான்கு இருக்கைகள் உண்டு. ஆனால் ஆட்கள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அது சுமக்கக்கூடியது சுமார் 400 கிலோதான். நான்கு பெரியவர்களும் நிறைந்த டாங்குமாகக் கிளம்பினால், எந்தக் காற்றிலும் அது வரம்பு மீறல். வெயிலில் வரம்புக்குள் இருப்பதும் போதாது. அதற்கும் கீழே வரவேண்டும். பாதி டாங்கோடு கிளம்பி வழியில் நிரப்பிக்கொள்வது கௌரவக் குறைச்சலல்ல.

இரண்டாவது வழி, எஞ்சினுக்குப் போகும் கலவையைத் திருத்துவது. காற்று குறையும்போது எரிபொருள் மட்டும் குறையாவிட்டால் எஞ்சின் திணறும். 3,000 அடிக்கு மேற்பட்ட ஓடுபாதைகளில் கிளம்பும் முன் கலவையை மெலியவைத்துச் சரிபார்க்கச் சொல்கிறது செஸ்னாவின் கையேடு. மூன்றாவது, முன்கூட்டியே ஒரு முடிவு: ஓடுபாதையில் ஓர் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிடுவது.

நான்காவது வழிக்குச் செலவே இல்லை: காத்திருப்பது. அதே மே மாதம், அதே ரேணிகுண்டா, காலை ஆறு மணி. வெப்பநிலை 28 டிகிரி, அழுத்தம் 1006 மில்லிபார் என்றால் அடர்த்தி உயரம் சுமார் 2,250 அடி. பிற்பகலோடு ஒப்பிட்டால் 1,800 அடி லாபம். தரிசனம் முடித்துச் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் என்று பின்னிருக்கையில் இருப்பவர் அவசரப்படுத்துவார். அவர் வாடகை கொடுத்தவராக இருக்கலாம்; செல்வாக்கு உள்ளவராகவும் இருக்கலாம். ஓரக் காகிதத்தில் போட்ட கணக்கைக் காட்டி 'நாளைக் காலை போகலாம்' என்று சொல்ல, கணிதத்தைவிடத் துணிச்சல்தான் அதிகம் வேண்டும்.

மலையேறும் பக்தர்கள் வெயில் ஏறுவதற்குள் படி ஏறிவிட வேண்டும் என்று அதிகாலையிலேயே அலிபிரியில் குவிகிறார்கள். அவர்களுக்கு எந்தச் சூத்திரமும் தெரியாது. பாரம் குறைவாக, பொழுதோடு கிளம்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும். விமானிக்கும் தெரிய வேண்டியது கடைசியில் அவ்வளவுதான்.